கடைசி நம்பர் பூஜ்யம்

"டேய், நீதான் பி.காம். படிச்சவனாச்சே... கொஞ்சம் வந்துட்டுப் போயேன்!"

தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது இப்படி ஒரு போன் வந்தால் உஷாராகியிருக்க வேண்டும். நான் கிளம்பிப் போனேன். நண்பருக்கு அம்பத்தூரில் சின்ன லேத் பட்டறை. நாற்பத்தாறு பேருக்கு போனஸ் போட வேண்டும். அக்கவுண்டன்ட்டோ ஊருக்கு ரயிலேறிவிட்டார்.

வேலை என்னவோ சுலபம்தான். சம்பள சாஃப்ட்வேர் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் கொடுக்கும். கமா போட்டுப் பிரித்த ஸி.எஸ்.வி. சமாசாரம். அதை பாங்க் வெப்சைட் கேட்கிற வரிசையில் மாற்றி ஏற்ற வேண்டும். ஃபைலை டபுள் கிளிக் செய்தேன். எக்ஸெல் திறந்தது. அங்கேதான் சனி!

முதலில் ஒருவருடைய விலாசம் மக்கர் பண்ணியது. '12, பிள்ளையார் கோயில் தெரு' என்பதில் ஒரு கமா இருக்கிறதல்லவா? அதையும் பிரிவினைக் கோடாக எடுத்துக்கொண்டு, தெருவைத் தூக்கி பின்கோடு கட்டத்தில் போட்டுவிட்டது. விலாசத்தை இரட்டை மேற்கோளுக்குள் வைத்திருந்தால் இந்தக் கூத்து இல்லை. கையால் சரிசெய்தேன்.

அப்புறம் அக்கவுண்ட் நம்பர்கள். சிலது 6.12E+15 என்று ஏதோ ரசாயன ஃபார்முலா போலத் தெரிந்தது. நானா விடுவேன்? 'நம்பர்' ஃபார்மட்டுக்கு மாற்றினேன். பதினாறு இலக்கமும் முழுசாக வந்து நின்றது. மொத்தத் தொகை டாலி. ஏற்றினேன். 'நாற்பத்தாறு பதிவுகள் ஏற்கப்பட்டன' என்றது வெப்சைட். நண்பர் பாதாம் பால் வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் பதிமூன்று பேர் பணம் திரும்பி வந்துவிட்டது.

வாசல் செக்யூரிட்டி பெரியவர் வந்து நின்றார். "சார், எல்லாருக்கும் மெசேஜ் வந்துச்சு. எனக்கு மட்டும் ஏன் சார் வரல? நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டனா?" பேத்திக்குத் துணி எடுக்க வேண்டிய காசு அது.

தப்பு அவருடையது இல்லை. எக்ஸெல்லுக்குப் பதினைந்து இலக்கம் வரைதான் ஞாபகம், பதினாறாவதைப் பூஜ்யமாக்கிவிடும். முன்னால் பூஜ்யம் இருந்தால், 'இதற்கு ஏது மதிப்பு?' என்று தூக்கி எறிந்துவிடும். பிறகு 'டெக்ஸ்ட்' என்று மாற்றினாலும் போனது போனதுதான். திறக்கும்போதே, 'டேட்டா' மெனு வழியாக உள்ளே கொண்டுவந்து, அந்தக் கட்டத்தை 'டெக்ஸ்ட்' என்று சொல்லியிருக்க வேண்டும்.

என்னைவிடப் பெரிய ஆட்களும் மாட்டியிருக்கிறார்கள் என்பதில் ஓர் அல்ப திருப்தி. 2020-ல் இங்கிலாந்தில் கொரோனா பரிசோதனை முடிவுகளைப் பழைய எக்ஸெல் ஃபைலில் ஏற்றினார்கள். அதில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. மிச்சம் சத்தமில்லாமல் விழுந்துபோய், 15,841 நோயாளிகள் கணக்கில் வராமல் போனார்கள். அவர்களோடு பழகியவர்களுக்குத் தகவல் போகவும் தாமதமாயிற்று. 'மார்ச்1' என்ற மரபணுவை எக்ஸெல் மார்ச் முதல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், விஞ்ஞானிகள் கடைசியில் மரபணுவின் பெயரையே மாற்றிவிட்டார்கள்!

எனக்கு வெட்கம் வேறு விஷயத்தில். தொகையைக் கூட்டினேனே, நம்பரைக் கூட்டினேனா? கல்லூரியில் ஆடிட்டிங் பாடத்தில் 'ஹாஷ் டோட்டல்' என்று படித்திருக்கிறேன். அர்த்தமே இல்லாத கூட்டல் அது. அக்கவுண்ட் நம்பர்களைக் கூட்டி, ஏற்றுமுன்பும் பின்பும் ஒப்பிடுவது. பரீட்சையில் இரண்டு மார்க் வாங்கியதோடு மறந்துவிட்டேன்.

பதிமூன்று பாஸ்புக்குகளையும் வரவழைத்தோம். ஒவ்வொரு நம்பரையும் நான் வாசிக்க, நண்பர் டைப் அடித்தார். கடைசி நாலு இலக்கங்களை மட்டும் தனியாகக் கால்குலேட்டரில் கூட்டிப் பார்த்தேன். முழு நம்பரையும் எக்ஸெல்லில் கூட்டினால் மறுபடி அதே பதினைந்து இலக்கத் தொல்லை!

தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் பெரியவரின் போன் 'டிங்' என்றது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"கடைசி நம்பர் சரியா இருக்கான்னு நீங்களே ஒருவாட்டி பார்த்துடுங்க சார்!"