ஒரே பேரு... ரெண்டு ஸ்பெல்லிங்!

முதல்ல ஒரு குட்டி கேள்வி. லெனின், புதின், ஜெலன்ஸ்கி... இந்த மூணு பேருக்கும் பொதுவான விஷயம் என்ன?

'மூணு பேருமே தலைவர்கள்'னு சொன்னா அரை மார்க்தான். முழு மார்க் வேணும்னா மூணு முழுப் பேரையும் வரிசையா எழுதிப் பாருங்க. விளாடிமிர் இலியிச் லெனின். விளாடிமிர் விளாடிமிரோவிச் புதின். வொலோடிமிர் ஒலெக்சாண்ட்ரோவிச் ஜெலன்ஸ்கி.

கண்டுபிடிச்சிட்டீங்களா? மூணு பேருக்கும் ஒரே பேரு! ரஷ்ய மொழியில 'விளாடிமிர்', உக்ரைன் மொழியில 'வொலோடிமிர்'. 2022 பிப்ரவரி 24-ல் ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் பெரிய அளவில் நுழைஞ்சப்போ, இந்தப் பக்கம் அதிபர் ஒரு விளாடிமிர், அந்தப் பக்கம் அதிபர் ஒரு வொலோடிமிர். 'சும்மா ஸ்பெல்லிங் வித்தியாசம்தானே பாஸ்'னு தோணுதா? அந்த ஸ்பெல்லிங்குக்குள்ள ஆயிரம் வருஷக் கதை இருக்கு. வாங்க, பார்க்கலாம்.

ரெண்டு சொல்லு, ஒரு பேரு

பழங்கால ஸ்லாவிய மக்கள் பேர் வைக்கிற ஸ்டைலே தனி. ரெண்டு சொல்லை எடுத்து ஒட்டினா பேரு ரெடி. நம்ம ஊர் 'அறிவழகன்', 'தமிழ்ச்செல்வன்' மாதிரின்னு வெச்சுக்கோங்களேன். யாரோஸ்லாவ், மிரோஸ்லாவ், ஸ்தானிஸ்லாவ்னு வரிசையா கேள்விப்பட்டிருப்பீங்க. கடைசியில வர்ற 'ஸ்லாவ்'னா புகழ்.

விளாடிமிர்ல முதல் பாதி 'விளாடி'. ஆட்சி, அதிகாரம்னு அர்த்தம். 1860-ல் பசிபிக் கடலோரத்துல ரஷ்யா ஒரு துறைமுகத்தை ஆரம்பிச்சு, 'கிழக்கை ஆள்'ங்கிற அர்த்தத்துல 'விளாடிவோஸ்டாக்'னு பேர் வெச்சுதே, அதே 'விளாடி'தான் இது.

ரெண்டாவது பாதியிலதான் ஒரு ட்விஸ்ட்! 'மிர்'னா ரஷ்ய மொழியில உலகம், சமாதானம்னு ரெண்டு அர்த்தம். 1986-ல் சோவியத் யூனியன் விண்வெளிக்கு அனுப்பின நிலையத்துக்குக்கூட 'மிர்'னுதான் பேரு. அதனால 'உலகை ஆள்பவன்'னு அர்த்தம் சொல்றவங்க நிறைய பேர். ஆனா, பழைய ஏடுகள்ல இந்தப் பேரு 'மிர்'னு முடியல, 'மேர்'னுதான் முடியுது. அந்தச் சொல்லுக்குப் பெரிய, பேர்பெற்றன்னு அர்த்தம். ஆக, 'ஆட்சியில் பெரியவன்'ங்கிறதுதான் மூலம். காலப்போக்குல 'மேர்' மக்களுக்கு மறந்துபோச்சு. தெரிஞ்ச சொல்லான 'மிர்' அந்த இடத்துல உட்கார்ந்துடுச்சு. டென்மார்க் மன்னர்கள் பலருக்கு இருந்த 'வால்டமார்'ங்கிற பேரு இதுக்குச் சொந்தக்காரப் பேருதான்!

யாரோட இளவரசர்?

இந்தப் பேரைப் புகழ் ஏணியில ஏத்தினவர், கீவ் நகரத்துல இருந்து ஆண்ட இளவரசர். 988-ல் ஞானஸ்நானம் வாங்கி, தன் மக்களையும் கிறிஸ்தவத்துக்குக் கொண்டுவந்தவர். ஞானஸ்நானத்துல அவருக்குக் கிடைச்ச பேரு 'வசீலி'. ஏன்னா, சர்ச் ஏத்துக்கிட்ட பேருங்க எல்லாம் கிரேக்க, எபிரேய வழியில வந்தவை. இவான், பியோதர் எல்லாம் அப்படி வந்தவைதான். 'விளாடிமிர்' பக்கா நாட்டுப் பேரு. ஆனா, அந்த இளவரசரையே பின்னாடி புனிதர்னு சர்ச் அறிவிச்சப்போ, அவரோட பழைய பேரும் புனிதர்கள் பட்டியலுக்குள்ள வந்துடுச்சு. அதுக்கப்புறம் குழந்தைக்கு இந்தப் பேரை வைக்கத் தடையே இல்லை.

பிரச்னை என்னன்னா, அந்த இளவரசரை ரஷ்யாவும் 'எங்க ஆளு'ங்குது, உக்ரைனும் 'எங்க ஆளு'ங்குது. கீவ் நகரத்துல, நீப்பர் நதியைப் பார்த்த மாதிரி ஒரு குன்று மேல 1853-ல் இருந்து அவருக்குச் சிலை நிக்குது. 2016 நவம்பர்ல மாஸ்கோவுல, கிரெம்ளினுக்குப் பக்கத்துலயே இன்னொரு சிலை திறந்தாங்க. 2018-ல் உக்ரைன் வெளியிட்ட 1 ஹ்ரிவ்னியா நாணயத்துல அவர் முகம். அவர் பேரு ரஷ்யாவுல 'விளாடிமிர்', உக்ரைன்ல 'வொலோடிமிர்'. அதாவது, நீங்க எந்த ஸ்பெல்லிங்கை எழுதுறீங்களோ, அதை வெச்சே நீங்க எந்தப் பக்கம்னு முடிவு பண்ணிடுவாங்க!

வீட்டுப் பேரும் ஏட்டுப் பேரும்

சரி, ஒரே பேரு எப்படி ரெண்டாச்சு? நாம பேசும்போது ஒண்ணு, எழுதும்போது ஒண்ணுன்னு ரெண்டு தமிழ் வெச்சிருக்கோம்ல... அதே கதைதான் அங்கேயும். கீவ் பக்கத்து மக்கள் வாயில புழங்கினது 'வொலோடிமேர்'. சர்ச்ல ஓதின ஸ்லாவிய மொழி, தெற்கே பல்கேரியா பக்கம் இருந்து வந்தது. அந்த மொழியில இதே பேரு 'விளாடிமேர்'. மக்கள் பேச்சுல 'ஒலொ'ன்னு வர்றது, சர்ச் மொழியில 'லா'ன்னு வரும். இதே மாதிரிதான் 'ஒரொ'வும் 'ரா'வும். நகரத்துக்கு மக்கள் சொல் 'கொரொத்'. சர்ச் வழிச் சொல் 'கிராத்'. நோவ்கொரொத்ல இருக்கிறது முதலாவது, லெனின்கிராத்ல இருக்கிறது ரெண்டாவது. ரெண்டும் ஒரே சொல்!

உக்ரைன் மொழி, மக்கள் பேச்சு வடிவத்தையே வெச்சுக்கிச்சு. ரஷ்ய மொழி, சர்ச் வடிவத்தைச் சான்றிதழ்ப் பேரா எடுத்துக்கிச்சு. ஆனா வீட்டுக்குள்ள? அங்கேதான் சுவாரஸ்யம். ரஷ்யாவுல விளாடிமிரை வீட்ல செல்லமா கூப்பிடுற பேரு 'வொலோத்யா'. கவனிச்சீங்களா, அதே 'ஒலொ'! ஏட்டுல மறைஞ்சுபோன பழைய பேரு, அம்மா வாயில அப்படியே உயிரோட இருக்கு. இன்னும் சுருக்கமா 'வோவா'. இந்த 'வோவா' ரெண்டு நாட்டுலயும் உண்டு. எல்லைக்கு இந்தப் பக்கம் நின்னு கூப்பிட்டாலும் அந்தப் பக்கம் நின்னு கூப்பிட்டாலும் ஒரு வோவா திரும்பிப் பார்ப்பான்!

அப்பா பேரு கட்டாயம்

நமக்கு இனிஷியல் மாதிரி, அவங்களுக்கு அப்பா பேரு நடுவுல வரும். அப்பா விளாடிமிர்னா, பையன் விளாடிமிரோவிச், பொண்ணு விளாடிமிரோவ்னா. புதினோட அப்பா பேரும் விளாடிமிர்தான். உக்ரைன்ல பொண்ணுன்னா வொலோடிமிரிவ்னா. ப்ரொஃபசரை 'சார்'னு கூப்பிடுற வேலையெல்லாம் அங்கே இல்லை; அவர் பேரையும் அப்பா பேரையும் சேர்த்துச் சொன்னாதான் மரியாதை. உக்ரைன்ல மெடிக்கல் சேர்ந்து, 2022 போர்ல உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஊர் திரும்பின சீனியர் யாராவது தெரிஞ்சா கேட்டுப் பாருங்க. அனாடமியைவிட அந்தப் பேருங்களை மனப்பாடம் பண்ணின கதை வரும்!

கொசுறு

* 'விளாட்'னு கூப்பிட்டா பெரும்பாலும் அது விளாடிஸ்லாவ். விளாடிமிருக்கு 'வோவா'தான் பொருத்தம்.
* ரஷ்ய ஜோக்குகள்ல வாத்தியாரைத் திணறடிக்கிற வாலுப் பையன் பேரு 'வோவச்கா'. அதுவும் விளாடிமிர்தான்!
* விளாடிமிர் லெனினைச் சுருக்கி 'விளாட்லென்'னு சோவியத் காலத்துல பிள்ளைங்களுக்குப் பேர் வெச்சாங்க.
* இங்கிலீஷ் லிட்ரேச்சர் மக்களே, பெக்கெட் நாடகத்துல கோதோவுக்காகக் காத்திருக்கிற ரெண்டு பேர்ல ஒருத்தர் விளாடிமிர். கூட்டாளி கூப்பிடுறது 'டிடி'.
* 2008-ல் ஜெர்மனியின் பான் நகரத்துல உலக சாம்பியன் பட்டத்துக்காக நம்ம ஆனந்த் தோற்கடிச்ச க்ராம்னிக்கும் ஒரு விளாடிமிர்தான்.

பேரை மாத்தினா என்ன?

சோவியத் காலத்துல உக்ரைன்காரங்க பாஸ்போர்ட்ல ரெண்டு மொழி இருக்கும். உக்ரைன் மொழியில 'வொலோடிமிர்'னு எழுதின ஆளையே, ரஷ்ய மொழியில 'விளாடிமிர்'னு எழுதுவாங்க. பேரையும் மொழிபெயர்த்துடுவாங்க! வெளியுலகம் பார்த்தது பெரும்பாலும் ரஷ்யப் பேரைத்தான். 1991-ல் தனி நாடான பிறகுதான் உக்ரைன் பேரு உலக மேடைக்கு வந்துச்சு. அதுவும் ஒரே நாள்ல நடந்துடல. குத்துச்சண்டை வீரர் கிளிட்ச்கோவை ரிங்குக்குள்ள உலகமே 'விளாடிமிர்'னுதான் கொண்டாடுச்சு. உக்ரைன் மொழியில அவர் வொலோடிமிர்.

ஜெலன்ஸ்கி ரஷ்ய மொழி பேசுற குடும்பத்துல வளர்ந்தவர். சின்ன வயசுல அவர் வாயில அதிகம் புழங்கினது ரஷ்ய மொழிதான். ஆனா, ஒரு நாட்டோட அதிபரா உலகம் அவரை 'வொலோடிமிர்'னு எழுதும்போது, அந்த நாட்டுக்குத் தனி மொழி உண்டு, தனி முகவரி உண்டுன்னு சேர்த்தே எழுதுது. 'ரெண்டும் ஒரே பேருதானே, நான் சொல்ற மாதிரியே வெச்சுக்கோ'ன்னு சொல்ற உரிமை பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடையாது. ஒரே வேர்ல இருந்து வந்த பேருங்கிறதும் உண்மை. அது இப்போ ரெண்டு பேருங்கிறதும் உண்மை.

'தமிழழகன்', 'எழிலரசி'ன்னு பேர் வெச்சிருக்கிறவங்களுக்கு இந்த வலி புரியும். வெளியூர் இன்டர்வியூவுல 'ழ'வை 'ல'வாக்கி ஒரு ஆள் கூப்பிடும்போது, எழுந்து நிக்கிறது நாமதானான்னு ஒரு நொடி சந்தேகமே வந்துடும்!

அதனால ப்ரெண்ட்ஸ், நாளைக்கே படிப்புக்காகவோ வேலைக்காகவோ வெளிநாடு போய், அங்கே ஒரு விளாடிமிரோ வொலோடிமிரோ உங்க பக்கத்து சீட்ல உட்கார்ந்தா, நீங்களா ஒண்ணை முடிவு பண்ணாதீங்க. 'உங்க பேரை நீங்க எப்படிச் சொல்வீங்க?'ன்னு கேளுங்க. அவர் சொன்ன மாதிரியே ஒருமுறை திருப்பிச் சொல்லுங்க. அப்புறம் உங்க பேரை அவருக்குச் சொல்லிக் கொடுங்க, 'ழ'வோட சேர்த்து!