கை போகாத இடத்துல ஸ்க்ரூ: எந்த அட்டாச்மென்ட் எதுக்கு?

புராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி. ஃபிரேம் ரெடி, மோட்டார் ரெடி, வயரிங்கும் முடிஞ்சாச்சு. மோட்டார் பிராக்கெட்டுல ஒரே ஒரு ஸ்க்ரூ பாக்கி. டிரில்லை எடுத்துக்கிட்டுப் போனா, மேல குறுக்கே ஒரு பிளேட். பிட் ஸ்க்ரூவைத் தொடறதுக்கு முன்னாடியே டிரில்லோட பின்பக்கம் பிளேட்ல முட்டுது. இந்த நிலைமை உங்களுக்கு இன்னும் வரலைன்னா, சீக்கிரமே வரும்!

எங்க டீமுக்குப் போன வருஷம் வந்துச்சு. அவசரத்துல வளையுற எக்ஸ்டென்ஷன் ஒண்ணு வாங்கி, சைடுல இருந்து நுழைச்சு, டிரிகரை அழுத்தினோம். பிட் வழுக்கி, ஸ்க்ரூ தலை மொழுக்குன்னு ஆயிடுச்சு. அதை டிரில் போட்டு எடுக்கவே அரை நாள் போச்சு. அட்டாச்மென்ட் மேல தப்பு இல்ல. அது எதுக்குச் செஞ்சதுன்னு நாங்க யோசிக்கல. நீங்களாவது யோசிச்சு வாங்குங்க.

முதல் கேள்வி: எது தடுக்குது?

"இடம் பத்தலை" என்பது நாலு வேற வேற பிரச்சினை.

1. ஸ்க்ரூவுக்கு மேல உயரம் இல்லை.
2. ஸ்க்ரூ ஆழத்துல இருக்கு, டிரில் உள்ளே போகாது.
3. ஸ்க்ரூ சுவரை ஒட்டி இருக்கு, டிரில்லோட உடம்பு பக்கத்துல இடிக்குது.
4. ஸ்க்ரூவுக்கு நேர்கோட்டுப் பாதையே இல்லை.

ஒவ்வொண்ணுக்கும் ஒரு அட்டாச்மென்ட் உண்டு. எல்லாமே எட்டாத இடத்துக்கு எட்டும். பதிலுக்கு உங்ககிட்ட இருந்து ஏதோ ஒண்ணை எடுத்துக்கும்.

உயரம் இல்லையா? ரைட் ஆங்கிள்

சாதாரண டிரில்லும் பிட்டும் சேர்ந்தா ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் நீளம் வரும். ரைட் ஆங்கிள் அட்டாச்மென்ட்டுக்குள்ள ஒரு ஜோடி பெவல் கியர் இருக்கும். அது சுழற்சியை 90 டிகிரி திருப்பிவிடும். ஸ்க்ரூவுக்கு மேல பிட்டோட சேர்த்து ஐந்தாறு சென்டிமீட்டர் இடம் இருந்தாலே பெரும்பாலும் போதும். எங்களுக்கு அன்னைக்குத் தேவைப்பட்டது இதுதான்.

இது எடுத்துக்கிறது ரெண்டு. முதல்ல, அழுத்தம். ஸ்டார் ஸ்க்ரூன்னு நாம கூப்பிடுற பிலிப்ஸ் தலையில பள்ளங்களோட சுவர் சரிவா இருக்கும். அதனால முறுக்கும்போது பிட் வெளியே ஏறி வரப் பார்க்கும். நேரா அழுத்திப் பிடிச்சாத்தான் நிக்கும். நேர் டிரில்ல பின்னால இருந்து தள்ளுறோம், அந்தத் தள்ளல் அப்படியே ஸ்க்ரூவுக்குப் போகுது. ரைட் ஆங்கிள்ல டிரில் பக்கவாட்டுல இருக்கு, அதைத் தள்ளி ஒரு பிரயோஜனமும் இல்லை. அட்டாச்மென்ட் தலையோட முதுகுல இன்னொரு கையை வெச்சு ஸ்க்ரூவை நோக்கி அழுத்தணும்.

ரெண்டாவது, எதிர்வினை. உள்ளே வரும் முறுக்குவிசை டிரில்லோட அச்சுல, வெளியே போறது அதுக்குச் செங்குத்தான அச்சுல. ரெண்டோட எதிர்வினையையும் அட்டாச்மென்ட்டோட கூடுதான் தாங்கணும். சக்ல மாட்டுற சாதாரண மாடலைக் கையால பிடிக்காம டிரிகரை அழுத்தினா, ஸ்க்ரூ சுத்தாது, கூடு சுத்தும். அதனாலதான் சில மாடல்ல பக்கக் கைப்பிடி கொடுக்குறாங்க. டிரில் முகப்புலயே லாக் ஆகுற மாடல் இன்னும் வசதி.

ஆழமா? எக்ஸ்டென்ஷன்

இது வெறும் நீள ஹெக்ஸ் கம்பி. எளிமையானது, நம்பகமானது. ஆனா கம்பியும் முறுங்கும். ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்ல படிச்ச அதே சூத்திரத்தைப் போட்டுப் பாருங்க. கம்பியை 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டக் கம்பின்னு வெச்சுக்குவோம். நீளம் 300 மில்லிமீட்டர், ஸ்டீலோட விறைப்பு மாடுலஸ் 80 ஜிகாபாஸ்கல், முறுக்குவிசை 3 நியூட்டன் மீட்டர். விடை கிட்டத்தட்ட 5 டிகிரி. ஸ்க்ரூ நகர்றதுக்கு முன்னாடியே கம்பி இவ்வளவு முறுங்கி நிக்குது. ஸ்க்ரூ இறுகிடுச்சான்னு கைக்குத் தெரியுற அந்த உணர்வு இதுலதான் மங்குது.

நீளக் கம்பி முனையில ஆடவும் செய்யும். அதனால வேலைக்குப் போதுமான மிகக் குட்டையான கம்பியை எடுங்க. முதல் ரெண்டு மூணு சுற்றை மெதுவா விடுங்க.

சுவர் ஓரமா? ஆஃப்செட்

டிரில்லோட தடிமன்ல பாதி, அதாவது சுமார் 3 சென்டிமீட்டர், ஸ்க்ரூவுக்கும் சுவருக்கும் நடுவுல வேணும். அது இல்லைன்னா ஆஃப்செட் அட்டாச்மென்ட். உள்ளே இருக்குற கியர்கள் சுழற்சியை அதே திசையில வெச்சு, அச்சை மட்டும் ஓரத்துக்கு நகர்த்தும். கேபினட் மூலை, பெட்டி மாதிரியான என்க்ளோஷர் இதெல்லாம் இதோட இடம். நீங்க தள்ளுற கோடும் ஸ்க்ரூவோட அச்சும் வேற வேற என்பதால தலை சாயப் பார்க்கும். அதையும் ஒரு கையால தாங்கணும்.

நேர்பாதையே இல்லையா? ஃப்ளெக்ஸிபிள் ஷாஃப்ட்

பார்க்க மாயாஜாலம் மாதிரி இருக்கும், அதிகமா ஏமாத்துறதும் இதுதான். உள்ளே கம்பிகளை அடுக்கடுக்காச் சுத்தியிருப்பாங்க. வளையும், ஆனா முறுக்குறப்போ ஸ்பிரிங் மாதிரி சக்தியைச் சேர்த்து வெச்சு திடீர்னு விடும். ஒரு திசைக்குன்னு சுத்தின ஷாஃப்ட்டா இருந்தா, எதிர்த்திசையில தாங்குற முறுக்குவிசை குறைவு. அதாவது மாட்டுறது சுலபம், கழட்டும்போது கை விரிச்சிடும். இதை வெச்சு அழுத்தவும் முடியாது. ஹோஸ் கிளாம்ப், சின்ன கவர் ஸ்க்ரூ மாதிரி லேசான வேலைக்கு மட்டும் எடுங்க. மோட்டார் மவுண்ட்டுக்கு வேண்டவே வேண்டாம்.

யுனிவர்சல் ஜாயிண்ட் இதுக்கு ஒரு மாற்று. கொஞ்சமா வளைச்சா நல்லா ஓடும். 30 டிகிரிக்கு வளைச்சா, ஒரே சுற்றுக்குள்ள வேகம் 13 சதவீதம் குறைஞ்சு 15 சதவீதம் கூடும். கையில தெரியுற அந்த உதறலுக்குக் காரணம் அதுதான்.

டிரிகரை அழுத்துறதுக்கு முன்னாடி

எம்4 அளவுல 8.8 கிரேடு ஸ்க்ரூவுக்குத் தேவை சுமார் 3 நியூட்டன் மீட்டர்தான். சின்ன 12 வோல்ட் டிரில்லே அதைவிடப் பல மடங்கு தரும். அதனால கிளட்ச்சைக் குறைந்த எண்ல வெச்சு ஆரம்பிங்க. கியரை மெதுவானதுல போடுங்க. முதல் ரெண்டு சுற்றைக் கையாலயே ஏத்துங்க, மரை கோணலாப் பிடிக்காம இருக்கும். இம்பாக்ட் டிரைவர்ல மாட்டுறதா இருந்தா, அட்டாச்மென்ட் இம்பாக்டுக்குன்னே செஞ்சதான்னு பார்த்துக்குங்க. சாதாரண கியர் அந்த அடியைத் தாங்காது.

முடிஞ்சா ஸ்டார் ஸ்க்ரூவுக்குப் பதிலா ஆலன் அல்லது டார்க்ஸ் தலை வாங்குங்க. பள்ளத்தோட சுவர் செங்குத்தா இருக்குறதால அவ்வளவா அழுத்தத் தேவையில்லை. அழுத்தவே முடியாத இடத்துல இதைவிட நல்ல உதவி கிடையாது.

ஒரே ஒரு ஸ்க்ரூதான்னா மோட்டாரே வேண்டாம். பந்து முனை ஆலன் கீயால சாய்வா ஏத்திட்டு, குட்டை முனையால கடைசி இறுக்கம் கொடுங்க. பத்து நிமிஷம் ஆகும், அரை நாள் ஆகாது.

கடைசியா ஒண்ணு. எங்க பிராக்கெட் பிரச்சினை டிரில் எடுத்தப்போ ஆரம்பிக்கலை, கேட்ல அந்த பிளேட்டை வரைஞ்சப்பவே ஆரம்பிச்சிருச்சு. இப்போ அசெம்பிளி முடிச்சதும், ஒவ்வொரு ஸ்க்ரூ தலை மேலயும் 60 மில்லிமீட்டர் விட்டம், 200 மில்லிமீட்டர் நீளத்துல ஒரு சிலிண்டர் வரைஞ்சு பார்க்கிறோம். அதுதான் டிரில். எதுலயாவது முட்டுதுன்னா, ஸ்க்ரூவை நகர்த்துறோம், இல்லைன்னா பிளேட்ல ஒரு ஓட்டை போடுறோம். திரையில அது ரெண்டு நிமிஷ வேலை. நீங்களும் இன்னைக்கே உங்க அசெம்பிளி ஃபைலைத் திறந்து ஒரு தடவை பார்த்துடுங்க.