ஷாஹீர் என்னும் சொல்

மும்பையிலும் புணேயிலும் குடியேறி வாழும் நம்மவர் அடிக்கடி செவியுறும் மராத்திச் சொற்களுள் 'ஷாஹீர்' என்பது ஒன்று. சிவாஜி ஜயந்தியன்று மேடையேறி, தலைப்பாகை அணிந்த ஒருவர் தஃப் என்னும் வட்டப் பறையைத் தட்டியவண்ணம் வீரகதை பாடுவார். உடனிருப்போர் 'ஜீ ஜீ' எனப் பின்பாட்டு வாங்குவர். அவரே ஷாஹீர். இச்சொல்லுக்குப் 'பாடகர்' எனப் பொருள் கொண்டு நாம் அமைந்துவிடுகிறோம். அது போதாது.

சொல்லின் பிறப்பிடம் அரபு மொழி. 'உணர்தல்' என்னும் பொருளுடைய வேரினின்று தோன்றிய அரபுச்சொல், உருதுவில் 'ஷாயர்' ஆகிக் கவிஞரைக் குறித்தது. மராத்தியில் 'ஷாஹீர்' எனத் திரிந்தது. (திரைப்பாடல் இயற்றிய ஸாஹிர் லூதியான்வியின் பெயர் வேறு, அதற்கு மந்திரவாதி என்று பொருள்.) உருதுக் கவிஞர் சபையில் கவிதை சொல்வார். மராத்திய ஷாஹீரோ தாமே கட்டிய கவியைத் தாமே மக்கள் கூட்டத்தின்முன் முழங்குவார். நம் பழந்தமிழ் மரபில் புலவர் ஒருவர், பாணர் ஒருவர். ஷாஹீரிடத்தில் அவ்விருவரும் ஒருவரே.

அவர் பாடுவன இருவகை. வீரச்செயலைச் சொல்வது போவாடா. 1659-இல் நிகழ்ந்த அஃப்சல்கான் வதத்தை அக்கினிதாஸ் பாடியது பழைய போவாடாக்களுள் பெயர்பெற்றது. மற்றது லாவணி. அது நமக்குப் புதிதன்று. 1676-இல் தஞ்சையில் தொடங்கிய மராட்டியர் ஆட்சியோடு அங்கே வந்து வேரூன்றியது. மன்மதன் எரிந்தான், எரியவில்லை என்று இரு கட்சியார் விடிய விடிய வாதாடிப் பாடினர். ஓயாமல் சச்சரவிடுவோரை 'லாவணி பாடுகிறார்கள்' என்று நாம் இன்றும் சொல்லுகிறோம் அல்லவா? லாவணி வந்தது, ஷாஹீர் என்னும் பெயர் நம்மிடையே நிலைபெறவில்லை.

இப்பெயர் பிறப்பால் வருவதன்று என்பதே நாம் கருதத்தக்கது. பேஷ்வாக்கள் காலத்து ஷாஹீர்களில் ராம் ஜோஷி பிராமணர், ஹோனாஜி இடையர் குலத்தவர், ஸகன்பாவு முஸ்லிம். 1940-களில் மும்பை ஆலைத் தொழிலாளரிடையே எழுந்த அண்ணாபாவு ஸாட்டே தீண்டாமைக் கொடுமைக்கு உட்பட்ட மாங் சமூகத்தவர். அவர் தோழர் அமர் ஷேக் முஸ்லிம். கூட்டம் செவிசாய்த்தது, பட்டம் வந்தது. அண்ணாபாவுவின் புகழ்பெற்ற லாவணியொன்று, மைனா என்னும் மனைவியை ஊரில் விட்டு மும்பைக்குப் பிழைக்க வந்தவனின் ஏக்கத்தைப் பாடுகிறது. பிரிவுத்துயரில் தொடங்கும் அப்பாட்டு, மராத்தி பேசும் நிலமெல்லாம் ஒரே மாநிலமாக வேண்டும் என்னும் கோரிக்கையில் சென்று சேர்கிறது. ஊரைவிட்டு வந்த நமக்கு அதன் முற்பகுதியை எவரும் விளக்கவேண்டியதில்லை. அம்மாநிலம் 1960 மே 1-ஆம் நாள் உருவாயிற்று.

வழக்கில் இச்சொல் பெயருக்குமுன் அடைமொழியாக நிற்கும். 2023-இல் மகாராஷ்டிரத்தின் மாநில கீதமாக ஏற்கப்பட்ட பாடலையே பாருங்கள். அதை எழுதிய ராஜா படேயைக் 'கவி' என்பர். இசையமைத்த ஸ்ரீநிவாஸ் களேயைச் 'சங்கீத்கார்' என்பர். பாடிய கிருஷ்ணராவ் ஸாப்ளேயை மட்டும் 'ஷாஹீர் ஸாப்ளே' என்பர். திரைப்படப் பின்னணிப் பாடகர் எத்துணைப் புகழ் பெற்றவராயினும் 'காயக்'தான். அவரை ஷாஹீர் என்று நாம் அழைத்தால், அண்டை வீட்டு மராத்தியர் சற்றே வியந்து நோக்குவர்.