செல்லம் கொடுக்கும் கை – 6: புளி, வெங்காயம், மூன்று கிலோ நாய்

நெல்லைச் சைவ வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள் சொதிச் சாப்பாடு. தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, காய்கறி; தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. பந்தி முடிந்தால் மிச்சச் சோறு வாசல் நாய்க்குப் போவது பழைய வழக்கம். இப்போது வீட்டுக்குள்ளேயே பொமரேனியனோ பக்கோ இருக்கிறது. வாசல் நாய்க்கு வைத்த அதே அளவு அதற்கும் கிடைக்கிறது.

ராஜபாளையம் நாய் 25 கிலோவைத் தாண்டும். பொமரேனியன் மூன்று கிலோ இருந்தாலே அதிகம். உடல் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் வெங்காயத்தை ஒரே நேரத்தில் தின்ற நாய்களுக்கு ரத்தத்தில் பாதிப்பு வருகிறது. மூன்று கிலோ நாய்க்கு அது வெறும் 15 கிராம், அதாவது இரண்டு மூன்று சின்ன வெங்காயம். வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. வதக்கினாலும் வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. இன்றைக்குத் தின்றதன் விளைவு சில நாள் கழித்துத்தான் தெரியும்: ஈறு வெளுக்கும், சிறுநீர் கறுக்கும், நாய் எழுந்திருக்கவே சோம்பும். அதற்குள் சாம்பார் சோறு வைத்ததை வீடே மறந்திருக்கும்.

புளியின் கதை இன்னும் புதியது. திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது பல ஆண்டுகளாகத் தெரியும். ஏன் என்பதுதான் விளங்கவில்லை. அமெரிக்காவில் ஒரு நாய், குழந்தைகளுக்காக வீட்டில் பிசைந்த விளையாட்டு மாவைத் தின்றது. அதில் டார்டாரிக் அமில உப்பு கலந்திருந்தது. திராட்சை தின்ற நாய்க்கு வரும் அதே வாந்தி, அதே சிறுநீரகச் செயலிழப்பு. திராட்சையிலும் இந்த அமிலம் நிறைய உண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்த்த மருத்துவர்கள், நஞ்சு டார்டாரிக் அமிலமாகத்தான் இருக்கவேண்டும் என்று 2021-இல் எழுதினார்கள். அடுத்த ஆண்டு வெளியான ஆய்வுக் கட்டுரையில் புளி தின்று சிறுநீரகம் பாதித்த நாய்களும் இடம்பெற்றன.

அமெரிக்கச் சமையலறையில் புளி அபூர்வம். தாமிரபரணிக் கரையில் அது இல்லாத நாளே கிடையாது. புளிச் சதையில் ஏறக்குறைய 8 முதல் 18 சதவீதம் வரை டார்டாரிக் அமிலம் இருக்கிறது. எத்தனை கிராம் ஆபத்து என்று துல்லியமான கணக்கு இன்னும் வரவில்லை. அதனால் கரைத்துப் பிழிந்த புளிச்சக்கை, புளியோதரை, புளிக்குழம்புச் சோறு மூன்றையும் சின்ன நாய்க்குக் காட்டாமல் இருப்பதே சரி.

அல்வாவையும் சொல்லவேண்டும். கோதுமைப்பாலையும் சீனியையும் நெய் சொட்டச் சொட்டக் கிளறியது அது. கொழுப்பு ஒரேயடியாக உள்ளே போனால் கணையம் வீங்கக்கூடும். இது சின்ன இன நாய்களை அதிகம் தாக்குகிறது. வயிற்றுவலியில் முன்னங்கால்களை நீட்டித் தாழ்ந்து, பின்புறத்தைத் தூக்கி நிற்கும். பார்ப்பவர்கள் சோம்பல் முறிப்பதாக நினைத்துவிடுகிறார்கள்.

வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று உப்புத் தண்ணீர் புகட்டுவது பெரும் தவறு. ரத்தத்தில் உப்பு ஏறி வலிப்பு வரலாம், உயிரே போகலாம். மனிதருக்கான வலி மாத்திரையும் வேண்டாம். இபுப்ரோஃபென் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். வளர்ந்த நாய் ஒருமுறை கக்கிவிட்டுச் சுறுசுறுப்பாகத் திரிந்தால், சில மணி நேரம் தீனி நிறுத்தித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வைக்கலாம். பிறகு குழைந்த சோறும், தோல் நீக்கி உப்பில்லாமல் அவித்த கோழியும் போதும். குட்டிக்கு இந்தக் காத்திருப்பு கூடாது. தடுப்பூசி போடாத குட்டி கக்கி, ரத்தத்தோடு கழிந்தால், அது பார்வோ வைரஸாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் போகவேண்டும்.

நெல்லையை அடுத்த ராமையன்பட்டியில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே போனாலும் பக்கத்து மருத்துவரிடம் போனாலும், நாய் என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போவது நல்லது. தின்ற இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தால், மருந்து கொடுத்துக் கக்கவைக்க மருத்துவருக்கு வாய்ப்பு உண்டு.