பூசணம் முதலில் இலையைத் தொட்டுப் பார்க்கிறது

மூன்று வருடத்துக்கு முந்தைய தை மாதம். சம்பா பால் பிடித்து நின்ற நேரம். வயலின் வடக்கு மூலையில் மட்டும் சில கதிர்கள் தலை சாயாமல் வெளுத்து நின்றன. குருத்துப்பூச்சிதான் என்று நினைத்து ஒரு கதிரைப் பிடித்து இழுத்தேன். குருத்துப்பூச்சி என்றால் கையோடு வந்துவிடும். இது வரவில்லை. குனிந்து பார்த்தால் கதிரின் கழுத்தில் கருப்பு வளையம். கழுத்துக் குலை.

பக்கத்து வயல்காரர் வரப்பில் நின்றபடி கேட்டார்: "என்னண்ணே, மருந்து அடிக்காத வயல்ல குலை நோய் வராதுன்னு நீங்கதானே கூட்டத்துல பேசினீங்க?"

பதில் சொல்ல முடியவில்லை. அந்த மூலை நடவிலிருந்தே வெளிறிக் கிடந்தது என்பதற்காகக் கடலைப் புண்ணாக்கைக் கூடுதலாகப் போட்டு, மீன் அமிலமும் மூன்று தடவை தெளித்திருந்தேன். பயிர் கரும்பச்சையாய்த் தழைத்தது. பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். குலை நோயும் அங்கேதான் வந்து உட்கார்ந்தது.

அதற்குப் பிறகுதான் இந்தப் பூசணம் எப்படி உள்ளே நுழைகிறது என்று தேடித்தேடிப் படித்தேன். உலகத்தில் மிக அதிகமாக ஆராயப்பட்ட பயிர் நோய்ப் பூசணங்களில் இதுவும் ஒன்று. படித்ததில் என்னை உலுக்கியது ஒரு விஷயம். இது காற்றில் வந்து விழுந்தவுடன் கண்மூடித்தனமாகத் தாக்குவதில்லை. தன் உடம்பின் மேல் தோலில் இருக்கும் புரதங்களைக் கொண்டு இலையைத் தடவிப் பார்த்து, இடம் சரிதான் என்று தெரிந்த பிறகே வேலையைத் தொடங்குகிறது.

நெல் இலையில் தண்ணீர் ஒட்டாது, சேப்பங்கிழங்கு இலையில் உருளுவது போல உருண்டு ஓடும். அப்படிப்பட்ட இலையில் ஒரு வித்து எப்படி நிற்கும்? பனி ஈரம் பட்டதும் வித்தின் நுனியிலிருந்து ஒரு பசை கசிந்து இலையோடு ஒட்ட வைக்கிறது. ஓரிரு மணி நேரத்தில் முளைக்குழல் வெளியே வருகிறது. இந்தக் குழலின் மேல் ஹைட்ரோஃபோபின் என்ற சின்னப் புரதம் படலமாகப் படிகிறது. பூசணத்துக்கும் மெழுகு இலைக்கும் நடுவே ஒட்டுப் பாய் விரித்தது மாதிரி. நிக்கோலஸ் டால்பாட்டும் அவரோடு இருந்த ஆய்வாளர்களும் 1993-ல் இந்தப் புரதத்துக்கான மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அதை நீக்கிய பூசணம் இலையில் சரியாக வேர்கொள்ள முடியாமல் தடுமாறியது, நோய் வெகுவாகக் குறைந்தது.

இன்னொரு புரதம் 1999-ல் தெரியவந்தது. பெயர் பிடிஎச் 11. இது பூசண செல்லின் சவ்வில் குறுக்காகப் பதிந்திருக்கிறது. கீழே இருப்பது தண்ணீர் ஒட்டாத பரப்பா, மெழுகு உண்டா என்று உணர்ந்து உள்ளே தகவல் அனுப்புவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. தகவல் போனால்தான் குழலின் நுனி வீங்கி ஒரு குமிழ் ஆகும். வேடிக்கை என்னவென்றால் இதற்கு நெல் இலைகூடத் தேவையில்லை. டெஃப்ளான் போலத் தண்ணீர் ஒட்டாத எதன் மேல் வைத்தாலும் ஏமாந்து குமிழ் கட்டிவிடும்.

அந்தக் குமிழை அழுத்தக் குமிழ் என்று சொல்லலாம். சுற்றிலும் மெலனின் என்ற கருப்பு நிறமி பூசிய சுவர், உள்ளே கிளிசரால். தண்ணீர் உள்ளே ஏற ஏற அழுத்தம் கூடி 80 வளிமண்டல அளவுக்குப் போகிறது. நம் மோட்டார் சைக்கிள் டயரில் அடிக்கும் காற்றைப் போல ஏறக்குறைய 40 மடங்கு. அந்த விசையில் அடியிலிருந்து ஒரு ஆணி இலைத்தோலைக் குத்தி உள்ளே போகிறது. வித்து விழுந்ததிலிருந்து இதெல்லாம் நடக்க சுமார் ஒரு நாள் ஆகும். இலையில் கண் வடிவப் புள்ளி தெரியும்போது எதிரி வீட்டுக்குள் வந்து பல நாள் ஆகியிருக்கும்.

கடையில் குலை நோய்க்குக் கொடுக்கும் ட்ரைசைக்ளசோல் அந்தக் கருப்பு நிறமியைத்தான் தடுக்கிறது. நிறமி இல்லாத குமிழில் அழுத்தம் நிற்காது. ஆக, அது நுழைவதைத் தடுக்கும் மருந்து. ஏற்கனவே வந்துவிட்ட புள்ளியை அது ஆற்றாது. இது தெரியாமல் புள்ளியைப் பார்த்துப் பார்த்து திரும்பத் திரும்ப அடிக்கிறோம். அரிசியில் அதன் எச்சம் கிலோவுக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றிருந்த ஐரோப்பிய ஒன்றியம், 2017-ல் அதை 0.01 மில்லிகிராமாகக் குறைத்துவிட்டது. நம் வீட்டுச் சோற்றுக்கு அந்தக் கவலை யாருக்கு இருக்கிறது என்பது வேறு கதை.

நெல்லும் சும்மா இருப்பதில்லை. பூசணத்தின் சுவரில் கைட்டின் உண்டு, நண்டு ஓட்டிலும் இறால் ஓட்டிலும் இருக்கும் அதே பொருள். நெல் செல்லின் மேல் இருக்கும் ஒரு புரதம் கைட்டின் துணுக்கு பட்டவுடன் ஆபத்து என்று மணி அடிக்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் இதை 2006-ல் விவரித்தார்கள். ஆனால் பூசணம் அதற்கும் மேலே போகிறது. எஸ்எல்பி 1 என்ற புரதத்தைச் சுரந்து அந்தத் துணுக்குகளைப் பொறுக்கி மறைத்துவிடுகிறது. போதாததற்கு, நெல்லால் எளிதில் செரிக்க முடியாத ஒரு சர்க்கரைப் போர்வையையும் தன் சுவர் மேல் போர்த்திக்கொள்கிறது. திருடன் நாய்க்குப் பொரை போட்டுவிட்டு, போர்வையையும் மூடிக்கொண்டு வருகிற மாதிரிதான்.

சரி, வயலில் நமக்கு இதனால் என்ன? முதலாவது, தழைச்சத்து. யூரியாவில் வந்தாலும் புண்ணாக்கில் வந்தாலும் அளவு மீறினால் பயிர் குலை நோய்க்கு இளகிப் போகிறது. "இயற்கை உரம்தானே, எவ்வளவு போட்டாலும் தப்பில்லை" என்ற பேச்சை நாம் விட வேண்டும். நானே பேசியவன்தான். இரண்டாவது, மணிச்சத்தைப் போல யாரும் பேசாத சிலிக்கா. நெல் அதை உறிஞ்சி இலைத்தோலில் கண்ணாடிபோலப் படிய வைக்கிறது. சிலிக்கா நிறைந்த பயிரில் குலை நோய் குறைவு என்பது பல நாடுகளில் பார்த்த உண்மை. அது உமியிலும் வைக்கோலிலும்தான் இருக்கிறது. வைக்கோலை மொத்தமாக விற்றுவிட்டு மண்ணுக்கு என்ன கொடுக்கிறோம்? நாற்றங்காலுக்கு உமிச் சாம்பல் போடச் சொன்ன பெரியவர்களுக்கு சிலிக்கா என்ற பெயர் தெரியாமல் இருக்கலாம். வயல் காயாமல் தண்ணீர் கட்டுவதும் உதவும், காய்ந்த வயலில் இந்த நோய் துள்ளி விளையாடும்.

விதைக்கு கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலப்பது நமக்குப் பழகியதுதான். அந்த பாக்டீரியாவின் மேல் தோலில் இருக்கும் பொருட்களையும் செடி தொட்டு உணர்ந்து முன்கூட்டியே விழித்துக்கொள்கிறது.

பெரிய பாடம் சீனாவின் யுன்னானிலிருந்து வந்தது. 1998, 1999-ல் அங்கே ஆயிரக்கணக்கான ஏக்கரில், வீரிய ஒட்டு நெல் வரிசைகளுக்கு நடுநடுவே, குலை நோய்க்கு எளிதில் ஆளாகும் ஒட்டரிசி ரகத்தை ஒற்றை வரிசையாக நட்டார்கள். தனியே நட்டதைவிட ஒட்டரிசியில் நோய் 94 சதவீதம் குறைந்தது, விளைச்சல் 89 சதவீதம் கூடியது. ஒரு ரகத்தில் நுழையத் தெரிந்த பூசணத்துக்கு அடுத்த வரிசையில் கதவு திறக்கவில்லை. இரண்டாம் வருட முடிவில் பூசண மருந்தையே விட்டுவிட்டார்கள். நம் டெல்டாவிலோ ஆந்திரா பொன்னி பிடித்தால் வரப்புக்கு வரப்பு அதுவேதான். குலை நோய்க்கு அது எவ்வளவு இளக்காரம் என்று தெரிந்தும்.

போன சம்பாவில் புண்ணாக்கைப் பாதியாக்கி இரண்டு தவணையாகப் பிரித்தேன், வைக்கோலை வயலிலேயே மட்க விட்டேன். இலையில் அங்கங்கே புள்ளி வந்தது, கழுத்துக்கு ஏறவில்லை. அந்த வருடம் பனியும் குறைவு என்பதால் முழுப் பெருமையை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இந்த வருடம் வரிசை மாற்றி இரண்டு ரகம் நடலாம் என்று பக்கத்து வயல்காரரிடம் சொன்னேன். யோசித்துவிட்டுக் கேட்டார்: "சரிண்ணே, யுன்னான்ல கையால தனித்தனியா அறுத்திருப்பான். இங்க மெஷின் வந்தா எல்லாத்தையும் ஒண்ணா வாரிட்டுப் போயிடுமே?" அரை ஏக்கரில் மட்டும், நெட்டை ரகத்தை ஆள் விட்டு முதலில் அறுத்துக்கொள்வது என்று பேசி முடித்திருக்கிறோம். விதை தேடிக்கொண்டிருக்கிறேன்.