மெல்ல நடந்தால் போதாது

டென்மார்க்கில் 'கோல்' என்று சொல்லப்படும் நாட்பட்ட நுரையீரல் நோய் உள்ளவரிடம், "ஒவ்வொரு நாளும் கொஞ்சம் நடவுங்கோ" என்று சொல்லி அனுப்பினால் அது பாதி வைத்தியம்தான். எந்த வேகத்தில், எவ்வளவு நேரம்? மூச்சு வாங்குமே என்ற பயத்தில் நம்மவர்கள் பலர் கடைவாசல் வரை உலாவிவிட்டு, அதையும் பயிற்சிக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். கால் தசைக்கு அது காணாது.

வேகத்தைச் சொல்வது நடைச் சோதனை. 30 மீட்டர் நீள நடைகூடத்தில் 6 நிமிடம், இயன்றளவு கூடிய தூரம் நடக்க வேண்டும். களைத்தால் நிற்கலாம், கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். 300 மீட்டர் நடந்தவரின் வேகம் நிமிடத்துக்கு 50 மீட்டர். பயிற்சியை அதன் 80 சதவீதத்தில் தொடங்குவது வழக்கம்: நிமிடத்துக்கு 40 மீட்டர், 20 நிமிடத்தில் 800 மீட்டர். 10 மீட்டர் பாதையில் 'பீப்' ஒலிக்கு ஏற்ப வேகம் கூட்டி நடக்கும் இன்னொரு சோதனையும் உண்டு. கதிரையிலிருந்து எழுந்து உட்காரும் சோதனையும் செய்வார்கள். அது காலின் வலுவைக் காட்டும், நடைவேகத்தைத் தராது.

எண் பிழைத்தால் பயிற்சியும் பிழைக்கும். முதல் தடவையை விட இரண்டாம் தடவை பெரும்பாலானோர் கூடுதலாக நடப்பதால் இரண்டு முறை நடத்துவதே முறை. குறுகிய கூடத்தில் திரும்பித் திரும்பி நடந்த தூரத்தை 30 மீட்டர் கூடத்துத் தூரத்தோடு ஒப்பிடக்கூடாது. டெனிஷ் பிடிபடாமல் "மெதுவாக நட" என்று விளங்கிக்கொள்பவரும் உண்டு. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் நாள் குறிக்கும்போதே சொல்லிவையுங்கள். அண்மையில் மாரடைப்போ, சும்மா இருக்கும்போதே நெஞ்சுநோவோ வந்திருந்தால் அதையும் மறைக்காதீர்கள். நடக்கும்போது விரலில் மாட்டும் கருவியில் ஒட்சிசன் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் சோதனையை நிறுத்துவார்கள்.

கொம்யூன் (உள்ளூராட்சி) நடத்தும் பயிற்சிக்குக் குடும்ப வைத்தியர் அனுப்பலாம், கட்டணமில்லை. வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பும்போது மருத்துவரீதியாக மறுபயிற்சி தேவையென்றால், எழுத்திலான திட்டம் உங்கள் கைக்கு வர வேண்டும். சுகாதாரச் சட்டத்தின் 84ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. பொதுவான மறுபயிற்சியை 7 நாட்களுக்குள் கொம்யூனால் தொடங்க முடியாவிட்டால், ஒப்பந்தமுள்ள தனியார் நிலையத்தைத் தெரிவுசெய்யலாம்.

முதல் வகுப்பிலேயே, "என் வேகத்தை எந்தச் சோதனையிலிருந்து எடுத்தீர்கள்?" என்று கேளுங்கள். உங்கள் மருத்துவக் குறிப்பைப் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு. சில வாரங்கள் கழித்துத் திரும்பச் சோதித்தால் ஏறக்குறைய 30 மீட்டர் ஏற்றமே பொருட்படுத்தத்தக்கது. தாமதமோ மறுப்போ நேர்ந்தால், ஒவ்வொரு பிராந்தியத்திலும் இருக்கும் நோயாளர் ஆலோசகர் எங்கே முறையிடுவது என்று இலவசமாக வழிகாட்டுவார்.