நீராழி மண்டபம்: சொல்லும் சீரமைப்பும்

குளத்தின் நடுவே தீவுபோல் எழுந்த மண்டபத்தை நீராழி மண்டபம் என்பது வழக்கு. இப்பெயரில் 'ஆழி' என்னும் சொல் ஆராய்தற்குரியது. கடல், சக்கரம், வட்டம், மோதிரம் எனப் பல பொருள் தரும் சொல் இது. திருவில்லிபுத்தூர் தந்த ஆண்டாள், திருப்பாவையின் நான்காம் பாட்டில் இதனைக் கடலுக்கும் திருமாலின் சக்கரத்துக்கும் ஆண்டுள்ளார். நீராழி என்பதற்கு நீர்வட்டம் எனப் பொருள் கொள்ளலாமோ எனின், நம் தெப்பக்குளங்கள் பெரும்பாலும் நாற்கோணமானவை. ஆதலின் அது பொருந்தாது. 'ஆழ்' என்னும் அடியினின்று தோன்றி, ஆழ்ந்த நீர்ப்பரப்பைச் சுட்டிற்று எனக் கொள்வதே ஏற்புடைத்து. நீரின்றேல் பெயரும் இல்லை என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வகை மண்டபங்களுள் தலைசிறந்தது மதுரை வண்டியூர்த் தெப்பக்குளத்தின் மைய மண்டபம். இதனை அமைத்த திருமலை நாயக்கர் (1623-1659) திருவில்லிபுத்தூரோடு நெருங்கிய தொடர்புடையவர். ஆண்டாள் கோயிற் பூசை மணியோசை, வழிநெடுக அமைந்த மண்டபங்களின் மணிகளால் மதுரைக்கு எட்டிய பின்னரே அவர் உணவு கொண்டார் என்பது செவிவழிச் செய்தி. அரண்மனைக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளமே குளமாயிற்று என்றும் கூறுவர். ஏறத்தாழ 1000 அடி நீளமும் 950 அடி அகலமும் உடைய இக்குளத்தைப் பள்ளத்தை மூடும் உபாயம் என்று மட்டும் கொள்ளுதல் அரிது. வையை நீரைக் கால்வாய் வழியே கொணரும் திட்டம் உடனிருந்திருத்தல் வேண்டும்.

அரண்மனை சிதைந்தபோது, சென்னை ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபு (1866-1872) அதனைப் பழுதுபார்ப்பித்தார். கல்லும் சுண்ணமும் கொண்டு ஆகக்கூடிய பணி அது. குளத்தின் நிலை வேறு. வரத்துக்கால் தூர்ந்தமையால் மண்டபம் பழுதின்றி நிற்கவும் குளம் வறண்டது. சிறுவர் அதனுள் மட்டைப்பந்து ஆடினர். தைப்பூசத்தன்று மண்டபத்தைச் சுற்றி வரவேண்டிய தெப்பம், நீர் போதாத ஆண்டுகளில் நிலைத்தெப்பமாகவே நின்றது. 2020-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வையையிலிருந்து வரும் கால்வாய் செப்பனிடப்பெற்ற பின்னரே குளத்தில் நீர் நிலைக்கலாயிற்று.

மண்டபத்திற்கு வெள்ளை பூசுவதைச் சீரமைப்பு எனக் கணக்கெழுதும் வழக்கம் நம்மிடையே உண்டு. இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரத்திற்கும் இது பொருந்தும். மார்கழி நீராட்டு விழாவில் ஆண்டாள் எழுந்தருளும் திருமுக்குளக் கரையிலும், மேற்கு மலைச்சாரல் மழையை நம்பிய பிற குளங்களிலும், அளவெடுக்க வேண்டுவது படிக்கற்களை அன்று, வரத்துக்கால்களையே.